பிற்பகல் இரண்டு ஐம்பது

வரியைக் கட்டியாயிற்று. வரிக்கு மேல் தண்டமும் கட்டியாயிற்று. ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் மூன்று நாள் காத்துக் கிடந்து வண்டியை மீட்டு வந்து ஐந்து மாதம் ஆகிவிட்டது. பிறகு எதற்கய்யா எனக்குச் சம்மன்? வாசலில் நின்ற போலீஸ்காரரிடம் இதைத்தான் கேட்டேன். அவர், எனக்கென்னண்ணே தெரியும், கையெழுத்துப் போடுங்க என்று பேனாவை நீட்டினார். எதிர் வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மாள் காயப்போடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். ஐம்பத்தெட்டு வயதில் முதல் முறையாக என் வாசலுக்குப் போலீஸ் வந்திருக்கிறது. கிறுக்கிக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

என் பெயர் வெள்ளைத்துரை. வண்டியூரில் தெப்பக்குளத்துக்குக் கிழக்கே வீடு. இருபத்திரண்டு வருடம் சொந்தமாக டாக்ஸி ஓட்டினேன். போன வருடம் கண்ணில் ஆபரேஷன் நடந்த பிறகு வாடகைக்குப் போவதை விட்டுவிட்டேன். வண்டி வீட்டு ஓரத்தில் தார்ப்பாய்க்கு அடியில் நின்றது. டாக்ஸிக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வரி கட்ட வேண்டும். வண்டி ஓடவில்லை என்றால், ஓடவில்லை என்று ஆர்.டி.ஓ. ஆபீஸில் எழுதிக் கொடுக்க வேண்டும். நான் இரண்டும் செய்யவில்லை. நிற்கிற வண்டிக்கு எதற்கு வரி, அதைச் சொல்ல எதற்கு ஒரு மனு என்று இருந்துவிட்டேன். ஆவணி மாதம் ஒரே ஒரு நாள் அந்த வண்டியை எடுத்தேன். அன்றைக்கே பிடித்தார்கள்.

வரி கட்டி வண்டியை எடுத்ததோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்திருந்தேன். வரி வேறு, வரி இல்லாமல் ஓட்டிய குற்றம் வேறு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொன்னார்களோ என்னவோ, அன்று என் காதில் எதுவும் ஏறுகிற நிலைமை இல்லை. அந்தக் குற்றம் தனியாக நடந்து நடந்து வாடிப்பட்டிக் கோர்ட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

சம்மனோடு இன்னொரு தாளையும் பின் அடித்திருந்தார்கள். பிரேக் இன்ஸ்பெக்டர் அன்று எழுதிய ரிப்போர்ட்டின் நகல். வண்டி எண், என் பெயர், இடம், தேதி எல்லாம் சரியாக இருந்தன. அதற்குக் கீழே நேரம். பிற்பகல் 2.50.

படக்கென்று தாளை மடித்தேன். அபராதத்துக்காக இல்லை. எவ்வளவு போட்டாலும் கட்டிவிட்டுப் போகலாம். அந்த நேரம் என் தங்கச்சி மகள் தமிழ்வாணியின் கண்ணில் பட்டுவிடக் கூடாது. பட்டால் அவள் எனக்கு இல்லை.

ஏன் என்று சொல்கிறேன். சொல்ல நாக்குக் கூசுகிறது, இருந்தாலும் சொல்கிறேன்.

என் தங்கச்சி செல்லத்தாயை வாடிப்பட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில் கட்டிக்கொடுத்திருந்தோம். மாப்பிள்ளை ஜெயபாண்டி, நெல்லும் தென்னையும் உள்ள குடும்பம். நாலு வருடத்துக்கு முன்பு புது வீடு கட்டிப் பால் காய்ச்சினார்கள். பத்திரிகை வந்தது. அதில் என் பெயர், ஜெயபாண்டியின் சித்தப்பா பிள்ளைகள் பெயருக்கெல்லாம் கீழே, கடைசி வரிக்கு முந்தின வரியில் இருந்தது. பெண்ணோடு கூடப் பிறந்தவன் நான் ஒருத்தன்தான். என்னைத் தூக்கிக் கடைசியில் போட்டால் என்ன அர்த்தம்? நான் போகவில்லை. பிரஸ்காரன் பண்ணிய தப்பு என்று தங்கச்சி போனில் அழுதாள். ஜெயபாண்டி நேரில் வந்து சொல்லட்டும் என்றேன். அவர் வரவில்லை. அத்தோடு பேச்சுவார்த்தை நின்றது. தமிழ்வாணி மட்டும் பொங்கலுக்குப் பொங்கல் போன் போட்டு மாமா நல்லா இருக்கீங்களா என்று கேட்பாள்.

போன ஆவணியில் ஒரு நாள் காலை ஐந்தரை மணிக்கு அவள் போன் வந்தது. அம்மா போயிருச்சு மாமா என்றாள். நெஞ்சு வலி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே முடிந்துவிட்டது. பதினொரு மணிக்கு எடுப்பதாக இருக்கிறார்கள், சீக்கிரம் வாங்க என்றாள்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கட்டிக்கொடுத்த பெண் செத்தால், பிறந்த வீட்டுக்கு ஆள் வந்து நேரில் சேதி சொல்ல வேண்டும். வருகிற ஆள் வாசலில் நின்று சொல்வான், உள்ளே வர மாட்டான், தண்ணீர்கூடக் குடிக்க மாட்டான். அவன் கையில் பஸ் காசு கொடுத்து அனுப்புவோம். போகும்போது போயிட்டு வாரேன் என்று சொல்ல மாட்டான். அதன் பிறகு பிறந்த வீட்டுக்காரன் கோடித்துணி எடுத்துக்கொண்டு போவான். அந்தக் கோடியைப் போர்த்தாமல் பெண்ணைத் தூக்கக் கூடாது. அதுவும் புருஷன் இருக்கும்போதே போகிறவளுக்குப் பிறந்த வீட்டுச் சேலைதான் கடைசிச் சேலை.

இப்போதெல்லாம் யார் ஆள் அனுப்புகிறார்கள்? எல்லாம் போன்தான். எனக்கும் தெரியும். ஆனால் அன்று எனக்கு நாலு வருடத்து வீம்பு தொண்டையில் நின்றது. சின்னப் பெண் போன் போட்டால் அது சேதியா? ஜெயபாண்டி ஒரு ஆளை அனுப்பட்டும், அப்புறம் கிளம்புகிறேன் என்று பனியனோடு வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். என் பெண்டாட்டி முனீஸ்வரி கெஞ்சினாள், திட்டினாள், அழுதாள். நான் தெருவைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் தங்கச்சி செத்துக் கிடக்கிறாள், நான் அவள் புருஷனுடைய மரியாதைக்காகக் காத்துக்கொண்டிருக்கிறேன். இதைச் சொல்லும்போது என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

ஒன்பதரை மணிக்கு மறுபடியும் தமிழ்வாணி கூப்பிட்டாள். எங்க மாமா வாரீங்க என்று கேட்டாள். அந்தப் பக்கம் ஒப்பாரிச் சத்தம் கேட்டது. அந்தக் குரலுக்கு நான் வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன் என்று எப்படிச் சொல்வது? தல்லாகுளம் தாண்டிட்டேன் தாயி என்று சொன்னேன். சொல்லிவிட்டு எழுந்து கிளம்பியிருக்க வேண்டாமா? இன்னும் அரை மணி பார்ப்போம், ஆள் வந்துகொண்டிருப்பான் என்று உட்கார்ந்தேன். அப்புறம் அவள் எத்தனையோ தடவை கூப்பிட்டாள். நான் எடுக்கவில்லை.

ஒரு மணிக்கு முனீஸ்வரி செருப்பை மாட்டினாள். நீங்க வந்தா வாங்க, நான் பஸ்ஸில் போய் என் நாத்தனார் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று தெருவில் இறங்கிவிட்டாள். அப்போதுதான் தார்ப்பாயை இழுத்துவிட்டு வண்டியை எடுத்து, தெரு முனையில் அவளை ஏற்றிக்கொண்டேன். விளக்குத்தூண் பக்கம் போய்க் கோடி எடுக்க முக்கால் மணி ஆனது. அரக்குச் சேலை, மஞ்சள் கரை. வாடிப்பட்டிக்கு முன்னால் பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியை ஓரம் கட்டச் சொன்னார்.

கனகலட்சுமி என்று காக்கிச் சட்டையில் பெயர் போட்டிருந்தது. நாற்பது வயது இருக்கும். கையில் இருந்த மெஷினில் வண்டி எண்ணை அடித்துப் பார்த்துவிட்டு, ஒன்பது மாதமாக வரி இல்லை, வண்டியை விட முடியாது என்றார். நான் கத்தினேன். அவர் திருப்பிக் கத்தவில்லை. பின் சீட்டில் இருந்த சேலைப் பையையும் முனீஸ்வரி முகத்தையும் பார்த்தார். கேதத்துக்கா போறீங்க, மொதல்லயே சொல்லக் கூடாதாண்ணே என்றார். மடமடவென்று எழுதி முடித்து, அவரே ரோட்டில் இறங்கித் திண்டுக்கல் பஸ்ஸை மறித்து எங்களை ஏற்றிவிட்டார். கண்டக்டரிடம் இன்ன இடத்தில் நிறுத்தி இறக்கிவிடு என்று சொன்னார். எல்லாம் சேர்ந்து கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

நாங்கள் போனபோது வாசல் கழுவி விட்டிருந்தது. ஈரம்கூடக் காயவில்லை. பந்தலில் பாதி நாற்காலிகளை அடுக்கிவிட்டார்கள். இரண்டு மணிக்கே எடுத்துவிட்டார்கள். நான் சேலைப் பையோடு சுடுகாட்டுக்கு ஓடினேன். நெருப்பைத்தான் பார்த்தேன். முகம் பார்க்கவில்லை. கோடி என் கையிலேயே இருந்தது.

திரும்பி வந்தபோது மொத்த சனமும் என்னைப் பார்த்தது. ஜெயபாண்டி தலையைத் திருப்பிக்கொண்டார். தமிழ்வாணி மட்டும் ஓடிவந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, ஏன் மாமா இம்புட்டு நேரம் என்றாள். என் வாய் தானாகத் திறந்தது. பத்து மணிக்கே பிரேக் இன்ஸ்பெக்டர் பிடிச்சிட்டாங்க தாயி, நாலு மணி நேரம் நிப்பாட்டி வச்சிட்டாங்க என்றேன். போன் போட்டோமே எடுக்கலையே என்று யாரோ கேட்டார்கள். போனையும் பிடுங்கி வச்சுக்கிட்டாங்க என்றேன். வாய் கூசாமல் சொன்னேன். முனீஸ்வரி என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

அந்தப் பொய் எனக்கு எல்லாவற்றையும் கொடுத்தது. ஊரே இன்ஸ்பெக்டரைத் திட்டியது. ஜெயபாண்டி என் தோளில் சாய்ந்து அழுதார். நாலு வருடத்துச் சண்டை அந்த ஒரு சாயங்காலத்தில் காணாமல் போனது. தமிழ்வாணி அந்தக் கோடிச் சேலையை என் கையிலிருந்து வாங்கிப் பீரோவில் வைத்துக்கொண்டாள். அம்மாவுக்குக் குடுத்து வைக்கல, வருசத் திதிக்கு நான் கட்டிக்கிறேன் என்றாள். அதன் பிறகு மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமையாவது வீட்டுக்கு வருவாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவள் வந்து அடுக்களையில் முனீஸ்வரியோடு பேசிக்கொண்டிருக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நான் பேப்பர் படிப்பது போல உட்கார்ந்திருப்பேன். அந்தச் சத்தம் செல்லத்தாயின் சத்தம்தான்.

முனீஸ்வரி என்னோடு சரியாகப் பேசுவதை அன்றோடு நிறுத்திவிட்டாள். சோறு போடுவாள், மாத்திரை எடுத்து வைப்பாள், அவ்வளவுதான்.

இப்போது இந்தச் சம்மன். பின் அடித்திருந்த ரிப்போர்ட்டைக் கிழித்தெடுத்துப் பீரோவில் விரித்திருந்த காகிதத்துக்கு அடியில் செருகினேன். குறித்த தேதிக்குப் போவது, ஆமாம் என்று சொல்வது, கேட்ட அபராதத்தைக் கட்டுவது, வருவது. யாருக்கும் தெரிய வேண்டாம். ஆனால் தமிழ்வாணி வக்கீல். மதுரைக் கோர்ட்டில் ஒரு சீனியரிடம் இரண்டு வருடமாக ஜூனியராக இருக்கிறாள். அதுதான் என் தலைவிதி.

மறுநாளே அவள் போன் செய்தாள். கேஸ் வந்திருக்காமே, சொல்லவே இல்லை என்றாள். நான் முனீஸ்வரியைப் பார்த்தேன். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்.

"நான்தேன் சொன்னேன். எம்புட்டு நாளைக்கு அந்தப் பிள்ளைய ஏமாத்துவீக? கோர்ட்டுக்குப் போறதுக்குள்ள நீங்களே சொல்லிருங்க."

ஐந்து மாதத்தில் அவள் என்னிடம் சேர்ந்தாற்போல் பேசியது அவ்வளவுதான்.

நான் கட்டிவிட்டு வந்துவிடுகிறேன், சின்ன விஷயம் என்று தமிழ்வாணியிடம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அவள் விடவில்லை. வரி கட்டாதது நம் தப்புதான், அதற்கு உரிய அபராதத்தைக் கட்டுவோம், ஆனால் சாவு வீட்டுக்குப் போகிறவரை நாலு மணி நேரம் நிறுத்தி வைக்கவும் போனைப் பிடுங்கவும் எந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது என்று கேட்டாள். அந்த இன்ஸ்பெக்டரைக் கூண்டில் ஏற்றிக் கேட்கப் போகிறாளாம். அவர் மேல் கலெக்டருக்கும் மனித உரிமைக்கும் புகார் எழுதி வைத்திருக்கிறாளாம். சம்மனோடு ரிப்போர்ட் நகல் இருந்திருக்குமே என்று கேட்டாள். இல்லை என்றேன். சரி, கோர்ட்டில் நகலுக்கு மனுப் போட்டு வாங்கிக்கொள்கிறேன் என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தபோது சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். முனீஸ்வரி முன்னால் சொல்ல முடியாது. தெப்பக்குளம் வரைக்கும் நடந்துட்டு வருவோம் தாயி என்று கூட்டிக்கொண்டு போனேன். தெப்பத்தில் பாதித் தண்ணீர் இருந்தது. சுற்றுச் சுவரில் ஆட்கள் சுண்டல் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நாங்களும் உட்கார்ந்தோம். எப்படி ஆரம்பிப்பது என்று நான் செருமிக்கொண்டிருந்தேன். அதற்குள் அவள் பேச ஆரம்பித்துவிட்டாள்.

அன்று பதினொரு மணிக்கு எல்லாரும் தூக்கலாம் என்றார்களாம். இவள் நடைவாசலில் குறுக்கே நின்றுகொண்டாளாம். எங்க மாமா தல்லாகுளம் தாண்டிருச்சு, வந்துரும், கோடி போடாம எங்கம்மாவ எடுக்க விட மாட்டேன் என்று சொன்னாளாம். வெயில் ஏற ஏற உடம்பு தாங்காது என்று பெரியவர்கள் சத்தம் போட்டிருக்கிறார்கள். ஜெயபாண்டி காலில் விழாத குறையாகக் கேட்டிருக்கிறார். மூன்று மணி நேரம் அவள் நகரவில்லை. கடைசியில் இரண்டு பெண்கள் அவளைப் பிடித்து இழுத்து ஓரமாக உட்காரவைத்த பிறகுதான் எடுத்தார்களாம். கோடி இல்லாததற்கு ஜெயபாண்டியின் அக்கா ஒரு பழைய பட்டுச் சேலையைப் போர்த்தினாளாம்.

"எல்லாரும் ஒங்க மாமன் வர மாட்டான்னு சொன்னாக மாமா. நான் ஒருத்திதேன் வரும்னு சொன்னேன்" என்றாள். "நீங்க வந்துக்கிட்டுத்தான இருந்தீக. அது போதும் எனக்கு."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சுண்டல் வாங்கிக் கொடுத்தேன். அதைத்தான் என்னால் செய்ய முடிந்தது. வீட்டுக்கு வந்ததும் முனீஸ்வரி என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். தட்டை ணங்கென்று வைத்தாள்.

வாய்தா அன்று காலை முனீஸ்வரியும் நானும் அதே வண்டியில் வாடிப்பட்டிக்குப் போனோம். கண்ணாடிக்கு முன்னால் வரி கட்டிய சீட்டை ஒட்டியிருந்தேன். முன்பு நிறுத்திய இடத்தைக் கடக்கும்போது யாரும் கை காட்டவில்லை. எனக்கு அன்று யாராவது நிறுத்திப் பிடித்துவைத்துக்கொண்டால் தேவலை என்று இருந்தது.

கோர்ட்டு வளாகத்தில் வேப்பமரத்தடியில் தமிழ்வாணி கறுப்புக் கோட்டில் நின்றாள். கையில் கேஸ் கட்டு. நகல் கிடைத்துவிட்டது என்று தூரத்திலிருந்தே அதைத் தூக்கிக் காட்டினாள். கிட்டப் போனேன். அவள் முகத்தில் கோபம் இருந்தது, ஆனால் அது என் மேல் இல்லை. சந்தோஷமும் இருந்தது. இங்க பாருங்க மாமா என்று விரலால் தொட்டுக் காட்டினாள்.

"ரெண்டு அம்பதுன்னு எழுதிருக்காங்க. பத்து மணிக்குப் பிடிச்சிட்டு ரெண்டு அம்பதுன்னு பொய் எழுதிருக்காங்க. நாலு மணி நேரத்த மறைக்கத்தான? இந்த ஒண்ணு போதும் மாமா. அந்தம்மா வேலையே போயிரும்."

முனீஸ்வரி என் பக்கத்தில் மூச்சை இழுத்துவிட்டாள். என் ஒரு பொய்யைக் காப்பாற்ற ஒரு பொம்பளை பொய் ரிப்போர்ட் எழுதியவளாக ஆகப் போகிறாள். வேண்டாம் தாயி, விட்டுரு என்றேன். ஏன் விட வேண்டும் என்றாள். வேண்டாம், வேண்டாம் என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். நீங்க பயப்படாதீங்க மாமா, நான் இருக்கேன்ல என்றாள்.

அந்த நேரத்தில்தான் காக்கி உடையில் கனகலட்சுமி கோர்ட்டுக்குள்ளிருந்து படியிறங்கி வந்தார். வேறு ஒரு கேஸுக்குச் சாட்சி சொல்ல வந்திருக்கிறார். மரத்தடியைத் தாண்டிப் போனவர் நின்றார். என்னைக் கூர்ந்து பார்த்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் முனீஸ்வரியைப் பார்த்து அடையாளம் கண்டுகொண்டார்.

"அண்ணே, அன்னைக்கு நேரத்துக்குப் போய்ச் சேந்தீங்களா? மொகம் பாக்க முடிஞ்சுச்சா? மத்தியானம் மூணு மணியாச்சே, எடுத்துருப்பாங்களேன்னு அப்ப ரெண்டு நாளு எனக்கு மனசே சரியில்ல. அந்த பஸ்காரன் சொன்ன எடத்துல நிப்பாட்டுனானா?"

நான் தலையை ஆட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை. அவர், கேஸ் கோர்ட்டுக்கு வந்ததுக்குக் கோவிச்சுக்காதீங்க, ஆபீஸில் இந்தக் குற்றத்துக்கான அபராதத்தையும் அன்றே சேர்த்துக் கட்டியிருந்தால் இங்கே வந்திருக்காது என்று சொல்லிவிட்டு, தமிழ்வாணியின் கறுப்புக் கோட்டைப் பார்த்து லேசாகத் தலையசைத்துவிட்டுப் போனார்.

தமிழ்வாணி அவர் போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் கையில் இருந்த தாளைப் பார்த்தாள். அப்புறம் முனீஸ்வரியைப் பார்த்தாள். முனீஸ்வரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கடைசியாகத்தான் என்னைப் பார்த்தாள்.

"எத்தன மணிக்கு வீட்ட விட்டுக் கெளம்புனீங்க மாமா?"

"ஒரு மணிக்கு."

"தல்லாகுளம்னீங்க. ஒம்பதரைக்கு."

"வீட்லதேன் இருந்தேன் தாயி."

"வீட்ல என்ன செஞ்சீங்க?"

அதற்கு மேல் எனக்குப் பொய் வரவில்லை. சொன்னேன். "சேதி சொல்ல ஆள் வரும்னு பாத்துக்கிட்டு இருந்தேன். ஒங்கப்பன் ஆள் அனுப்பல."

அவள் தாளைக் கட்டுக்குள் செருகினாள். கோட்டின் கைப்பட்டியைச் சரிசெய்தாள். குரலை உயர்த்தவும் இல்லை.

"நான்தான மாமா சொன்னேன். அஞ்சரை மணிக்கு எங்கம்மா பக்கத்துல ஒக்காந்துக்கிட்டு நான்தான சொன்னேன். நான் ஆள் இல்லையா?"

உள்ளே என் பெயரைக் கூப்பிட்டார்கள். வெள்ளைத்துரை, வெள்ளைத்துரை, வெள்ளைத்துரை என்று டவாலி மூன்று தடவை கத்தினார். தமிழ்வாணி கட்டை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். நான் பின்னால் போனேன். என்னை விட்டுவிட்டுப் போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. மற்ற கட்சிக்காரர்களுக்கு எப்படி நிற்பாளோ அப்படி நின்றாள். எதிரி குற்றத்தை ஒப்புக்கொள்கிறார் என்று என்னைக் காட்டிச் சொன்னாள். நீதிபதி நிமிர்ந்து, வரி இல்லாமல் வண்டி ஓட்டியது உண்மையா என்று என்னைக் கேட்டார். உண்மை என்றேன். வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்றார். இல்லை என்றேன். அபராதம் மூவாயிரம் ரூபாய். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

பணத்தைக் கட்டி ரசீது வாங்குகிற வரைக்கும் அவள் ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றாள். ரசீதை வாங்கிச் சரிபார்த்தாள். பெயர், வண்டி எண், தேதி எல்லாம் சரியாக இருக்கிறது, பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று என்னிடம் கொடுத்தாள். மாமா என்று சொல்லவில்லை. முனீஸ்வரியின் கையைப் பிடித்து, அத்தை, சாப்பிட்டுட்டுப் போங்க, வெயிலா இருக்கு என்றாள். அப்புறம் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனாள். போவதற்கு முன்னால் கட்டுக்குள்ளிருந்து நாலைந்து தாள்களை உருவிச் சுக்கலாகக் கிழித்துக் குப்பைத் தொட்டியில் போட்டாள். அது இன்ஸ்பெக்டர் மேல் எழுதி வைத்திருந்த புகாராக இருக்கும்.

ஒரு வாரம் நான் போனைக் கையிலேயே வைத்திருந்தேன். பத்துத் தடவை அவளைக் கூப்பிட்டிருப்பேன். எடுக்கவில்லை. அன்று அவள் எத்தனை தடவை கூப்பிட்டாள், நான் எடுக்கவில்லை என்பது ஒவ்வொரு மணிச் சத்தத்துக்கும் ஞாபகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்தது. முனீஸ்வரி வழக்கம் போல மூன்று பேருக்கு உலை வைத்தாள். பதினொரு மணி ஆனது, பன்னிரண்டு ஆனது. நான் வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மணி சுமாருக்குத் தெரு முனையில் காளை வந்தான். ஜெயபாண்டியின் தென்னந்தோப்பைப் பார்த்துக்கொள்கிறவன். கல்யாண நாளிலிருந்து எனக்குத் தெரியும். கையில் ஒரு துணிப்பை. எழுந்து, வாப்பா காளை, உள்ள வா என்றேன். அவன் வாசல்படிக்கு வெளியே நின்றுகொண்டான். முனீஸ்வரி செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். வேண்டாம்கா என்று தலையை ஆட்டினான்.

எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

அவன் பையைத் திண்டின் மேல் வைத்தான். அரக்குச் சேலை, மஞ்சள் கரை. மடிப்புக் கலையாமல் இருந்தது.

"தமிழு குடுத்துவிட்டுச்சு. இனிமே இங்க வராதாம். வருசத் திதிக்கு நீங்களும் வர வேணாம்னு சொல்லச் சொல்லுச்சு" என்றான். தயங்கினான். "நான் எதுக்கு தாயி, போன்ல சொல்லிருன்னு சொன்னேன். போன்ல சொன்னா அங்க சேதி ஆகாது, ஆள் போயிச் சொல்லணும்னுச்சு."

முனீஸ்வரி உள்ளே போய் அஞ்சறைப் பெட்டியைத் திறக்கிற சத்தம் கேட்டது. நூறு ரூபாய்த் தாளை எடுத்துவந்து காளையின் கையில் வைத்தாள். பஸ்ஸுக்கு என்றாள். அவன் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி நடந்தான். போயிட்டு வாரேன் என்று சொல்லவில்லை.